கல்லூரிக் கணினி மன்றத்தில் நிரல் எழுதப் பழகலாம்: முழுமையான வழிகாட்டி

பொறியியல் கல்லூரியில் முதலாண்டு முடித்த மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் புரட்டிப் பாருங்கள். நிரல்கள் அழகான கையெழுத்தில் வரிசையாக இருக்கும். அல்காரிதம், நிரல், அவுட்புட், ஓரத்தில் ஆசிரியரின் கையொப்பம், எதுவும் விடுபட்டிருக்காது. அதே மாணவர் முன்னால் வெறும் திரையை வைத்து, மூன்று எண்களில் பெரியது எது என்று சொல்ல ஒரு நிரல் எழுதுங்கள் என்றால் கை நின்றுவிடும். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. லேப் நேரம் குறைவு, மாணவர்கள் அதிகம், ஆசிரியர் ஒருவர். நிரல் ஓடவில்லை என்றால் பக்கத்து இருக்கையைப் பார்த்து அடித்துவிடுவதுதான் வேகமான வழி. தப்பு செய்து பார்க்க அங்கே நேரம் கிடையாது. நிரல் பழக அதைவிட்டால் வேறு வழியும் கிடையாது.

அந்த நேரம் கிடைக்கிற இடம் மாணவர்களே நடத்தும் கணினி மன்றம். அதில் புதிதாகச் சேர்ந்து அடிப்படையிலிருந்து பழக விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்வழியில் படித்தவர்கள், கணினித் துறையில் இல்லாதவர்கள், சொந்த லேப்டாப் இல்லாதவர்கள் எல்லாருமே இதில் சேர்த்தி.

முதல் படி: எந்த மன்றம்?

கணினி மன்றம் என்ற பெயரில் கல்லூரிகளில் பல வகை உண்டு. துறைச் சங்கம் என்று ஒன்று இருக்கும். சிம்போசியம் நடத்துவதும், பேனர் கட்டுவதும், சான்றிதழ் கொடுப்பதும் அதன் வேலை. போட்டி நிரலாக்கக் குழு இன்னொன்று. அங்கே கணக்குப் புதிர்களை நேரம் குறித்து விடுவிப்பார்கள். நல்ல பயிற்சிதான், ஆனால் இப்போதுதான் தொடங்குகிறவர் முதல் வாரமே அங்கே போய் உட்கார்ந்தால் மிரண்டுவிடுவார். மூன்றாவது வகை லினக்ஸ் பயனர் குழு. க்ளக் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கட்டற்ற மென்பொருளில் ஆர்வமுள்ளவர்கள் கூடி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் கூட்டம் இது.

எதில் சேர்வது என்பதை மன்றத்தின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். ஒருவர் மேடையில் பேச மற்றவர்கள் கைதட்டுகிறார்களா, அல்லது கணினிகள் திறந்திருந்து ஆளாளுக்கு ஏதாவது அடித்துக்கொண்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். இரண்டாவது மாதிரி கூட்டம் ஐந்து பேர் உள்ள மன்றத்தில் நடந்தாலும் அதுவே உங்களுக்கான இடம்.

கல்லூரியில் அப்படி ஒன்றும் இல்லையா? வெளியே பாருங்கள். விழுப்புரத்தில் வி.ஜி.லக் என்ற குழு கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகக் கணினிப் பயிற்சி கொடுக்கிறது. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் இணையவழியில் கூடுவது வழக்கம் என்பதால் எந்த ஊரில் இருப்பவரும் எட்டிப் பார்க்கலாம். சென்னையில் ஐ.எல்.யு.ஜி.சி. நெடுங்காலமாக இயங்குகிறது. இவற்றில் எதற்கும் நுழைவுத் தேர்வு இல்லை.

மாணவர் மன்றங்களிலிருந்து உருப்படியாக என்ன வந்துவிடப்போகிறது என்று வீட்டில் கேட்டால் சொல்ல ஒரு பழைய கதை இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946-இல் மாதிரி ரயில் மன்றம் ஒன்று தொடங்கியது. தண்டவாளப் பலகைக்கு அடியில் ஸ்விட்ச்சும் ரிலேவுமாகக் கம்பிகளைப் பொருத்திப் பழகிய மாணவர்கள், பின்னாளில் பல்கலைக்கழகக் கணினி சும்மா இருக்கும் இரவு நேரம் பார்த்து அதன் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். 1962-இல் பி.டி.பி.-1 கணினியில் ஓடிய ஸ்பேஸ்வார் என்ற விளையாட்டு அந்த வட்டாரத்திலிருந்துதான் வந்தது. எந்தப் பாடத்திட்டமும் கேட்டு அவர்கள் அதை எழுதவில்லை.

இரண்டாம் படி: கணினியும் கருவியும்

நிரல் பழகப் புது லேப்டாப் வேண்டியதில்லை. 2011-இல் தொடங்கிய திட்டத்தில் அக்காவுக்கோ அண்ணனுக்கோ பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினி பரணில் கிடந்தால் இறக்குங்கள். அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு சேர்த்து பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. மெதுவாகத்தான் ஓடும் என்றால், எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவிலிருந்து போட்டுத் தர மன்றத்தில் யாராவது காத்துக்கொண்டிருப்பார்கள். சீனியர்களுக்கு மிகவும் பிடித்த வேலை அது. ஆனால் கொடுப்பதற்கு முன் உள்ளே இருக்கும் போட்டோக்களை நகலெடுத்து வைத்துவிடுங்கள்.

எந்தக் கணினியும் இல்லாதவர் கல்லூரி லேபைக் கேட்கலாம். மன்றத்தின் பெயரில் ஒரு கடிதம், பொறுப்பாசிரியரின் கையொப்பம் இருந்தால் மாலையில் திறந்துவிடுவார்கள். மொபைலிலும் பைதான் ஓட்டும் செயலிகள் உண்டு. அவசரத்துக்கு உதவும், தினமும் அதிலேயே அடித்தால் கட்டைவிரல்தான் வலிக்கும்.

தொடக்கத்துக்கு நான் சொல்லும் மென்பொருள் தோனி. கிரிக்கெட்காரர் இல்லை, எஸ்டோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் தொடக்கநிலை மாணவர்களுக்கென்றே உருவானது. பைதானும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. நிரலை ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்க்கலாம். அப்படி ஓடும்போது எந்த மாறியில் எந்த மதிப்பு இருக்கிறது என்று பக்கத்துக் கட்டத்தில் காட்டும். மாறி என்றால் என்ன என்று அரை மணி நேரம் விளக்குவதைவிட அந்தக் கட்டத்தை இரண்டு நிமிடம் பார்ப்பது மேல்.

தோனி வேண்டாம், பைதானைத் தனியாகவே விண்டோஸில் நிறுவிக்கொள்கிறேன் என்பவர்கள் நிறுவும் முதல் திரையின் அடியில் பாத் என்று குறிப்பிட்டிருக்கும் சின்னக் கட்டத்தில் டிக் போட மறக்க வேண்டாம். மறந்தால் கருப்புத் திரையில் பைதான் என்று அடித்ததும், அப்படி ஒன்றே இல்லை என்று கணினி சொல்லும். பல மன்றங்களில் முதல் கூட்டத்தின் பாதி இதைச் சரிசெய்வதிலேயே போய்விடுகிறது.

மூன்றாம் படி: மொழி

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். பைதானில் தொடங்குங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் பருவத்திலேயே பைதான் இருக்கிறது. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்தவர்கள் அதை ஏற்கெனவே தொட்டிருப்பார்கள். சி-யா பைதானா என்று சீனியர்கள் டீக்கடையில் வாதாடுவார்கள்; வேடிக்கை பாருங்கள், கலந்துகொள்ளாதீர்கள்.

ஆங்கிலச் சொற்களைப் பார்த்தாலே தயக்கம் வருகிறவர்களுக்கு ஒரு பக்கவழி உண்டு. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற மொழியில் கட்டளைச் சொற்கள் தமிழிலேயே இருக்கின்றன. வேலைக்குப் பயன்படும் மொழி என்று அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் நிபந்தனை என்பது எப்படி வேலை செய்கிறது என்பதை மொழித் தடை இல்லாமல் பார்த்துவிடலாம். வீட்டு மின்கட்டணத்தில் முதல் 100 அலகு (யூனிட்) இலவசம் என்பதை வைத்து ஓர் எடுத்துக்காட்டு:

அலகு = 80
@( அலகு <= 100 ) ஆனால்
    பதிப்பி "கட்டணம் இல்லை"
இல்லை
    பதிப்பி "கணக்குப் போட வேண்டும்"
முடி

இதைப் படித்துப் புரிந்துகொண்டவருக்கு, பைதானில் இதே வேலைக்குக் கற்க வேண்டிய ஆங்கிலச் சொற்கள் மூன்றுதான். ஒரு மொழியின் மொத்தக் கட்டளைச் சொற்களும் ஒரு தாளில் அடங்கிவிடும். ஆங்கிலத்தில் கதை எழுதச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை. வாசிக்கத் தமிழில் வேண்டுமென்றால் 2012 முதல் வெளிவரும் கணியம் இதழும், அதன் 'எளிய தமிழில்' வரிசை மின்னூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன.

நான்காம் படி: முதல் சில கூட்டங்கள்

முதல் நாள் திரையில் வணக்கம் என்று அச்சிட வைப்பார்கள். அடுத்து இரண்டு எண்களை வாங்கிக் கூட்டச் சொல்வார்கள். இங்கேதான் முதல் அதிர்ச்சி. 5-ஐயும் 5-ஐயும் கொடுத்தால் 55 என்று விடை வரும். விசைப்பலகையிலிருந்து வரும் எதையும் பைதான் எழுத்தாகத்தான் வாங்கும். எழுத்தோடு எழுத்தைக் கூட்டினால் பக்கத்தில் ஒட்டும். எண்ணாக மாற்று என்று நாம்தான் சொல்ல வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிடும் சீனியரைவிட, 55 வரும்வரை சும்மா இருந்துவிட்டு, ஏன் இப்படி வந்தது என்று கேட்கிறவர் நல்ல ஆசான்.

பிறகு வீட்டு மின்கட்டணக் கணக்கை எடுங்கள். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். கட்டண விகிதங்களை உங்கள் வீட்டு ரசீதையும் மின்வாரிய அட்டவணையையும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், அவை அவ்வப்போது மாறும். பெரும்பாலோர் முதல் முயற்சியில் மொத்த யூனிட்டையும் கடைசிப் படியின் விலையால் பெருக்கிவிடுவார்கள். பில் தொகை எகிறும். ஒவ்வொரு படியிலும் அந்தப் படிக்குள் விழும் யூனிட்டுக்கு மட்டும் அந்த விலை என்பதைத் தாளில் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். இதைத் தாண்டியவர்களுக்கு அடுத்த முடிச்சு: மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் அட்டவணையே வேறு.

நிரல் முடிந்ததும் 0, 100, 101, 500, 501 ஆகிய எண்களைக் கொடுத்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் 250-க்குப் பெரும்பாலான நிரல்கள் சரியாகத்தான் விடை சொல்லும், எல்லைக்கோட்டில்தான் வழுக்கும். கடைசியில் வீட்டுப் பழைய ரசீது ஒன்றை வைத்து ஒப்பிடுங்கள். தொகை பொருந்தினால் வீட்டில் காட்டலாம். ரெக்கார்டு நோட்டில் உள்ள எந்த நிரலையும் வீட்டில் யாரும் பார்க்கக் கேட்டதில்லை.

ஐந்தாம் படி: எரர் வந்தால்

சிவப்பு எழுத்துகள் வந்தவுடன் பெரும்பாலோர் செய்வது இரண்டு: அதைப் படிக்காமல் சன்னலை மூடுவது, அல்லது மொபைலில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அண்ணா எரர் வருது என்று எழுதுவது. சாய்வாக, பாதி வெட்டுப்பட்ட, மின்விளக்கு பிரதிபலிக்கும் அந்தப் படத்தை வைத்து எந்த அண்ணாவும் அக்காவும் எதுவும் சொல்ல முடியாது.

பைதானின் பிழைச் செய்தியைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். கடைசி வரியில் பிழையின் வகை இருக்கும், அதற்கு மேலே வரி எண். நேம் எரர் என்றால் நீங்கள் சொல்லும் பெயர் அதற்குத் தெரியவில்லை. பெரும்பாலும் எழுத்துப் பிழை. டைப் எரர் என்றால் சேராத இரண்டைச் சேர்க்கப் பார்த்திருக்கிறீர்கள், எழுத்தையும் எண்ணையும் கூட்டியது மாதிரி. இன்டென்டேஷன் எரர் என்றால் வரியின் தொடக்கத்தில் விட்ட இடைவெளி ஒழுங்காக இல்லை. சின்டாக்ஸ் எரர் பைதானின் பழைய பதிப்புகளில் கொஞ்சம் ஏமாற்றும்: அது காட்டும் வரி சரியாக இருந்து, முந்தைய வரியில் அடைப்புக்குறியை மூடாமல் விட்டிருப்பீர்கள். காட்டிய வரியில் ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒரு வரி மேலே பாருங்கள்.

கேள்வி கேட்கும்போது என்ன செய்ய நினைத்தீர்கள், என்ன எழுதினீர்கள், என்ன வந்தது என்ற மூன்றையும் சொல்லுங்கள். நிரலையும் பிழையையும் படமாக அனுப்பாமல் எழுத்தாகவே நகலெடுத்து ஒட்டுங்கள். இந்த மூன்றையும் எழுதி முடிப்பதற்குள் பாதி நேரம் விடை தானாகவே தெரிந்துவிடும். தெரிந்தால் குழுவிலும் சொல்லிவிடுங்கள், அதே எரர் நாளை இன்னொருவருக்கு வரும்.

மன்றத்தின் சட்டங்களில் ஒன்றையே வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் வைப்பது இது: சொல்லிக்கொடுப்பவர் கற்பவரின் விசைப்பலகையைத் தொடக்கூடாது. சீனியருக்குக் கை துறுதுறுக்கும். இப்படி நகரு என்று சொல்லிவிட்டு இருபது வினாடியில் அடித்துக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடும், கற்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது. அவர் பின்னால் நின்று வாயால் சொல்லட்டும். நீங்கள் தேடித் தேடி அடியுங்கள். யாராவது உங்கள் கணினியைப் பிடுங்கினால், நீங்க சொல்லுங்கண்ணா, நானே அடிக்கிறேன் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

ஆறாம் படி: விகடகவி

எண்களோடு பழகிய பிறகு எழுத்துகளுக்கு வாருங்கள். எல்லாப் பாடநூல்களிலும் பாலிண்ட்ரோம் கணக்கு இருக்கும். முன்னும் பின்னும் ஒரே மாதிரி படிக்கும் சொல்லா என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் பைதானில் ஒரே வரியில் முடிந்துவிடும். சொல்லைத் திருப்பு, பழையதோடு ஒப்பிடு, அவ்வளவுதான். அந்த நிரலிடம் விகடகவி என்று கொடுங்கள். இல்லை என்று பதில் வரும்.

இந்த இடத்தில்தான் மன்றம் சூடுபிடிக்கும். விகடகவி நமக்கு ஐந்து எழுத்து: வி, க, ட, க, வி. பைதானிடம் நீளம் கேட்டால் ஏழு என்னும். யூனிகோடில் வி என்பது வ ஒரு குறி, இகரத்தின் கொக்கி ஒரு குறி என இரண்டாகச் சேமிக்கப்படுகிறது. திருப்பும்போது கொக்கி முதலில் வந்து நிற்கும், வ பின்னால் போய்விடும். தமிழ் என்ற சொல்லுக்கு நீளம் கேட்டால் ஐந்து என்று வருவதும் இதனால்தான்: த, ம, கொக்கி, ழ, புள்ளி.

எப்படிச் சரிசெய்வது? சொல்லை இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியாகப் பாருங்கள். வந்தது துணைக்குறியோ புள்ளியோ என்றால் முந்தைய எழுத்தோடு ஒட்டுங்கள். இல்லாவிட்டால் புது எழுத்தாகப் பட்டியலில் சேருங்கள். முடிவில் கிடைக்கும் பட்டியலைத் திருப்பி ஒப்பிட்டால் விகடகவி தேறிவிடும். பாப்பாவும் குடகும் தேறும். தேரு வருதே என்று கொடுத்தால் நடுவில் உள்ள இடைவெளியை முதலில் நீக்க வேண்டும். பட்டியல், சுழற்சி, நிபந்தனை மூன்றும் இந்த ஒரு கணக்கிலேயே வந்துவிடுகின்றன.

அதற்கு மேலும் தோண்டலாம். கொ என்ற எழுத்தில் உள்ள துணைக்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஒப்பிட்டால் வேறு வேறு என்று கணினி சொல்லும். பைதானில் இதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வழி இருக்கிறது, தேடிக் கண்டுபிடியுங்கள். க்ஷ ஓர் எழுத்தா இரண்டா என்று கேட்டுவிட்டால் அன்றைய கூட்டம் நேரத்துக்கு முடியாது. எல்லாம் அடித்துப் பார்த்த பிறகு ஓப்பன் தமிழ் என்ற பைதான் தொகுப்பைத் திறந்து, எழுத்துகளைப் பிரிக்கும் வேலையை அவர்கள் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று வாசியுங்கள். பிறர் எழுதிய நிரலை வாசிக்கத் தொடங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் கேள்வியை நீங்கள் ஏற்கெனவே தலையில் சுமந்துகொண்டு போகிறீர்கள்.

ஏழாம் படி: சாட்ஜிபிடியை எங்கே வைப்பது

2022 நவம்பருக்குப் பிறகு சேர்ந்த மாணவர்கள் எல்லாருக்கும் இந்தக் கேள்வி உண்டு. பயன்படுத்தாதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. முதல் சில மாதங்களுக்கு நிரல் எழுதித் தரச் சொல்லாதீர்கள் என்றுதான் சொல்வேன். பிழைச் செய்தியைக் கொடுத்துத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள், அதை ஓரளவு நன்றாகவே செய்கிறது. அது எழுதிய எதையாவது மன்றத்தில் காட்டினால், ஒரு வரியை மாற்றினால் என்ன ஆகும் என்று சீனியர் கேட்பார். ஓட்டிப் பார்க்காமல் பதில் சொல்ல முடிந்தால் அது உங்கள் நிரல்.

எட்டாம் படி: சேர்ந்து ஒரு வேலை

தனியாக எழுதும் நிரல் ஒரு கட்டத்துக்கு மேல் அலுத்துவிடும். அப்போது மூன்று நான்கு பேர் சேர்ந்து சின்னதாக ஒன்றை எடுங்கள். விடுதி மெஸ் கணக்கைப் பங்கு பிரிப்பது, கல்லூரிப் பேருந்துகளின் நேரத்தைத் தேடுவது, பாடவாரியாக வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போகாமல் இன்னும் எத்தனை வகுப்பு மட்டம் போடலாம் என்று சொல்வது. கடைசியாகச் சொன்னதற்குப் பயனாளர்கள் குவிவார்கள்.

இந்த நேரத்தில் கிட் கற்றுக்கொள்ளுங்கள். லினக்ஸ் கெர்னல் வேலைக்காக 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது. நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, ஏன் செய்தார்கள் என்று அது பதிந்துவைக்கும். பென் டிரைவில் ஃபைனல், ஃபைனல் புதுசு, உண்மையான ஃபைனல் என்று கோப்புகள் பெருகுவது நின்றுவிடும். ஐந்து கட்டளைகள் தெரிந்தால் போதும், மீதியை மாட்டிக்கொள்ளும்போது கேட்கலாம்.

செய்ததைப் பிறர் முன் காட்ட, செப்டம்பர் மாத மூன்றாம் சனிக்கிழமையன்று வரும் மென்பொருள் சுதந்திர நாள் நல்ல சாக்கு. பக்கத்துப் பள்ளியில் இரண்டு மேசை போட்டு விகடகவி நிரலை ஓட்டி, பிள்ளைகளையே சொல் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் நினைத்தே பார்க்காத ஒரு சொல்லைக் கொடுத்து யாராவது நிரலைக் கவிழ்ப்பார்கள். அதைக் குறித்துக்கொண்டு வந்து சரிசெய்யுங்கள்.

மன்றத்தை நடத்த வேண்டி வந்தால்

இரண்டாமாண்டு தொடங்கியதும் உங்களையே நடத்தச் சொல்வார்கள். இன்னும் ஒன்றும் தெரியவில்லையே என்று தோன்றும். ஆனால் முதலாண்டு மாணவரின் குழப்பம் இறுதியாண்டு மாணவருக்கு மறந்துபோயிருக்கும், உங்களுக்கு நினைவிருக்கும். கூட்ட நேரத்தைக் கல்லூரிப் பேருந்து கிளம்பும் நேரத்தையும், பெண்கள் விடுதிக் கதவு மூடும் நேரத்தையும் பார்த்துவிட்டு வையுங்கள். மாலை ஆறு மணிக்கு வைத்துவிட்டு, பெண்கள் வருவதில்லை, வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஆர்வமில்லை என்று அலுத்துக்கொள்கிற மன்றங்கள் ஏராளம். மதிய உணவு இடைவேளையில் முக்கால் மணி நேரம் போதும்.

செமஸ்டர் தேர்வு வந்தால் எல்லாம் நின்றுபோகும். விடுமுறைக்கு முன் நடக்கும் கடைசிக் கூட்டத்தில், அவரவர் நிரலின் தலைப்பில் அடுத்துச் செய்ய வேண்டியதை இரண்டு வரி தமிழில் குறிப்பாக எழுதிவைக்கச் சொல்லுங்கள். முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டால் பைதான் அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடும். திரும்பி வந்து கோப்பைத் திறக்கும்போது எங்கே விட்டோம் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, அந்த இரண்டு வரியிலிருந்தே வேலையைத் தொடரலாம்.